அடுப்படிக்குப் போன கிளவுஸ்

காயல்பட்டினத்தில் பெண்ணைக் கட்டிக் கொடுத்து வெளியே அனுப்புகிற வழக்கம் கிடையாது. மாப்பிள்ளைதான் துணிமணியோடு பெண் வீட்டுக்கு வந்து சேருவார். வந்தவருக்கு அந்த வீட்டில் நடக்கிற மரியாதையைச் சொல்லி முடியாது. மீன் தலை அவருக்கு, முதல் சோறு அவருக்கு, அவர் படுத்துவிட்டால் ரேடியோ சத்தம்கூட அடங்கிவிடும். சித்தி மரியம் என்கிற அம்மாள் வீட்டுக்கு அப்படி வந்தவர் கலீலுர் ரஹ்மான். மூத்த மகள் ஃபஸ்னாவைக் கட்டியவர். ஃபஸ்னாவுக்கு இளையவன் செய்கு அலாவுதீன், வீட்டுக்கு ஒரே ஆண்பிள்ளை. வாப்பா மௌத்தாகி மண்ணுக்குள் போய் வெகுநாள் ஆனதால், அலாவுதீன் கண்ணுக்கு மச்சான்தான் வாப்பாவுக்கு வாப்பா.

ஊரில் பந்து என்றால் ஃபுட்பால்தான். தெருவுக்கு ஒரு டீம் உண்டு. பெண் வீட்டுக்கு வந்துவிட்டாலும் ஆண்பிள்ளை பந்தாடுவது பிறந்த தெருவுக்குத்தான். அதை மட்டும் எந்த மாமியாரும் தடுக்க முடியாது. கலீல் மச்சான் அவர் தெருவுக்கு கோல் காப்பார். அலாவுதீன் தன் தெருவுக்கு ஃபார்வேர்டு. இடதுகால்காரன். பந்து காலுக்கு வந்தால் கோழி குஞ்சை மறைக்கிற மாதிரி மறைத்துக்கொண்டு ஓடுவான், ஒருத்தனுக்கும் கிடைக்காது.

துபாய்க்கு அவனைக் கூட்டி வந்ததும் மச்சான்தான். சத்வாவில் ஒரு துணிக்கடையில் மச்சான் சேல்ஸ்மேன். முதலாளியிடம் சொல்லி மைத்துனனுக்கும் விசா எடுத்தார். தூக்கம் ஒரே ரூமில், மேல் கட்டிலும் கீழ்க் கட்டிலும். சமையல் மெஸ் முறை. சமைப்பவன் முதுகுளத்தூர்ப் பக்கத்துச் சோலையப்பன், பகலில் கட்டட வேலைக்குப் போய்விட்டு வந்து கரண்டி பிடிப்பவன். வாய் அவனுக்குக் கரண்டியைவிட நீளம்.

ஊர்க்காரர்கள் துபாயிலும் பந்தை விடவில்லை. வெள்ளிக்கிழமை மாலை அஸர் தொழுகை முடிந்ததும் மணல் திடலில் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு ஆடுவார்கள். அங்கேயும் அதே தெருக்கள், அதே டீம்கள். வருசத்துக்கு ஒரு கோப்பை.

2003இல் மச்சான் காத்த கோலுக்குள் அலாவுதீன் ஒரு பந்து போட்டான். மச்சானின் இரண்டு காலுக்கும் நடுவே போனது அது. போட்ட சந்தோசத்தில் சட்டையைக் கழற்றிச் சுற்றிக்கொண்டு ஓடினான். அப்போது அவனுக்கு அது தப்பாகத் தெரியவில்லை.

டீக்கடையில் ஒரு மாசத்துக்கு அதே பேச்சு. "கலீல் காக்கா, மச்சினன் வரான், காலைச் சேர்த்து வச்சுக்குங்க." மச்சானும் சிரித்துக்கொள்வார். ஆனால் பேச்சு விமானம் ஏறி ஊருக்குப் போய்விட்டது. மச்சானுடைய உம்மா, பேரப்பிள்ளையைப் பார்க்கிற சாக்கில் வந்து, ஃபஸ்னா காதில் விழும்படி, "உங்க வீட்டுல மாப்பிள்ளைக்கு நடக்கிற மரியாதை துபாய் வரைக்கும் தெரிஞ்சு போச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். ஃபஸ்னா இரண்டு நாள் சாப்பிடவில்லை.

சித்தி மரியம் மகனுக்கு போன் போட்டாள். அதட்டவில்லை. அதட்டியிருந்தால் அவன் மறந்திருப்பான்.

"என் வாப்பா, கோல் நாளைக்குப் பழசாயிரும். மாப்பிள்ளை மௌத்தாகுற வரைக்கும் இந்த வீட்டுலதான் சாப்பிடணும். உன் ராத்தா ஃபஸ்னா அவுக முகத்தைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கணும். அதை நெனைச்சுக்கிட்டு ஓடு."

"உம்மா, அது வெளையாட்டு."

"உனக்கு."

அந்த ஒரு சொல் அவன் நெஞ்சில் மீன் முள்ளாய் நின்றுவிட்டது.

அடுத்த வருசக் கோப்பை ஆட்டங்களின்போது ஒரு வெள்ளைக்காரர் பிக்கப்பைத் திடல் ஓரத்தில் நிறுத்திவிட்டு, அதன் பின்பலகையில் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தார். பேர் டெரன்ஸ். புஜைராவில் கப்பலுக்கு எண்ணெய் கொடுக்கிற கம்பெனியில் வேலை. கம்பெனிக்கு ஒரு பந்து டீம் உண்டு, அதை நடத்துவது அவர். நல்ல ஃபார்வேர்டு தேடி அங்கே இங்கே அலைந்துகொண்டிருந்தார்.

அலாவுதீனைக் கூப்பிட்டுப் பேசினார். கடையில் வெள்ளைக்காரப் பெண்களுக்குத் துணி அளந்து கொடுத்த பழக்கத்தில் அவனுக்கு இங்கிலீஷ் ஓரளவு பிடிபடும். டெரன்ஸும் ஃபார்வேர்டுதானாம். இங்கிலாந்தில் நாலாந்தர டீம்களில் ஆடியவர். ஒரு டீம் விட்டால் இன்னொரு டீம், ஒரு ஊர் விட்டால் இன்னொரு ஊர். பெரிய டீம் ஒன்றும் அவரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கோடையில் சம்பளம் நின்றுவிடும், செங்கல் தூக்கப் போய்விடுவார். பார்க்க வருகிற கூட்டம் நம்ம ஊர் தர்கா கந்தூரிக் கூட்டத்தில் கால்வாசி இருக்காதாம். முட்டி போன பிறகு வேலை தேடி இங்கே வந்தவர்.

"அதுக்கும் சம்பளம் கொடுத்தாங்களா?" என்று கேட்டான் அலாவுதீன்.

"கொடுத்தாங்க. கொஞ்சம். ஆனா பந்துக்குக் கொடுத்தாங்க."

அன்று முதல் அவனுக்கு வேறு நினைப்பு இல்லை. பெரிய ஆளாக வேண்டும், டிவியில் வர வேண்டும் என்றெல்லாம் அவன் ஆசைப்படவில்லை. நாலாந்தரம் போதும். என்ன வேலை என்று யாராவது கேட்டால் "பந்து" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

டெரன்ஸ் கம்பெனி ஸ்டோரில் வேலை போட்டுத் தருவதாகச் சொன்னார். காலையில் ஸ்டோர், மாலையில் பந்து. "ஃபைனலைப் பார்த்துட்டு முடிவு சொல்றேன்" என்றார். கடை முதலாளியும் நல்ல மனுசன், "போறதுன்னா சொல்லு, விசா மாத்தக் காகிதம் கொடுத்திர்றேன்" என்றுவிட்டார்.

ஃபைனலில் எதிர் டீம் மச்சானுடைய தெரு.

அந்த வாரம் ரூமில் இரண்டு பேரும் பந்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மச்சான் கிளவுஸைத் துவைத்து ஜன்னல் கம்பியில் காயப் போட்டார். அலாவுதீன் பூட்ஸுக்கு எண்ணெய் தடவினான். சோலையப்பன்தான் இருவருக்கும் நடுவில் சோற்றுச் சட்டியை வைத்துவிட்டு, "ரெண்டு பேரும் ஒரே சட்டியில தின்னுட்டு ஒருத்தனை ஒருத்தன் தோக்கடிக்கப் போறீங்க. நான் யாருக்கு உப்புப் போடணும்னு முன்னாலயே சொல்லிருங்க" என்றான்.

"ரெண்டு பேருக்கும் போடு. ஓடுற ஒடம்பு" என்றார் மச்சான்.

வியாழக்கிழமை ராத்தா போன் செய்தாள். உம்மா சொன்ன மாதிரி ஒன்றும் சொல்லவில்லை. "மாமி வீட்டு ஆளுக துபாய்ல எல்லாரும் பந்து பார்க்க வர்றாங்களாமே தம்பி" என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு, அடங்கின குரலில் பிள்ளைக்குப் பல் முளைத்ததைப் பேசினாள்.

ஃபைனல் அன்று திடலைச் சுற்றிக் கூட்டம். ஆளுக்கு ஒரு கோல் ஆகி, ஆட்டம் முடியப்போகிற நேரம். மச்சான் தெருக்காரன் ஒருவன் அலாவுதீனைக் காலைத் தட்டி விழவைத்தான். பெனால்டி. யார் அடிப்பது என்று யாரும் கேட்கவே இல்லை. பந்தை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டார்கள்.

கலீல் மச்சானுக்கு இடது தோள் பழைய அடி. சின்ன வயசில் தென்னை மரத்திலிருந்து விழுந்தது. அதனால் பெனால்டி என்றால் அவர் வலது பக்கம்தான் விழுவார். வெளி ஆளுக்கு இது தெரியாது. ஒரே ரூமில் கிடந்து அந்தத் தோளுக்குத் தைலம் தேய்த்துவிட்ட அலாவுதீனுக்குத் தெரியும். மச்சானின் இடது பக்கம் பந்தைத் தள்ளினால் போதும், கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் கோல்.

பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடந்தான். நிமிர்ந்தால் ராத்தா சொன்ன ஆட்கள், மச்சானின் சின்னாப்பா மகன்கள், கோல் கம்பத்துக்குப் பின்னால் வரிசையாக நிற்கிறார்கள். பிக்கப்பில் டெரன்ஸ் எழுந்து நிற்கிறார். அவன் காதில் கேட்டது உம்மாவின் அந்த ஒற்றைச் சொல்தான். உனக்கு.

ஓடி வந்து, மச்சானின் வலது பக்கமாகப் பந்தை உருட்டினான். அடிக்கவில்லை, உருட்டினான். மச்சான் எப்போதும் போல வலது பக்கம் விழுந்தார். பந்து தூளியில் போட்ட பிள்ளை மாதிரி அவர் வயிற்றுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

கூட்டம் கத்தியது. மச்சான் எழுந்திருக்கவில்லை. பந்தை அணைத்துக்கொண்டு மண்ணிலேயே கிடந்து, அலாவுதீனைப் பார்த்தார். அந்தப் பார்வை என்ன பார்வை என்று அவனுக்குப் புரியவில்லை. பிறகு அவர் தெருக்காரர்கள் ஒரு கோல் போட்டுக் கோப்பையை வாங்கிக்கொண்டு போனார்கள்.

டெரன்ஸ் கோபப்படவில்லை. பிக்கப் கதவைத் திறந்தபடி மெதுவாகச் சொன்னார். "நான் கோட்டைவிட்ட பந்தைக் குவிச்சா மலையாயிரும், தம்பி. வேணும்னு விட்டது ஒண்ணுகூட இல்லை."

அலாவுதீன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். இதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது? தமிழில் சொன்னாலும் அவருக்கு விளங்குமா? வண்டி போய்விட்டது. புஜைரா டீமுக்கு ஒரு மலையாளிப் பையன் போனதாகப் பிறகு கேள்விப்பட்டான்.

அன்று ரூமுக்கு வந்த மச்சான் கிளவுஸைக் கழற்றி அடுப்படியில் சோலையப்பன் முன்னால் போட்டார். "சட்டி இறக்கக் கரித்துணி இல்லைன்னு சொன்னியே. வச்சுக்க."

சோலையப்பன் அலாவுதீன் முகத்தைப் பார்த்தான். கிளவுஸை எடுத்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தான். அலாவுதீனுக்கு ஒன்றுதான் தோன்றியது: பிச்சை போட்ட பந்தைப் பிடித்த கிளவுஸ் வேண்டாம் என்கிறார். மரியாதை செய்யப் போய் மூக்கை அறுத்துவிட்டோம்.

மச்சான் அதற்குப் பிறகு கோல் காக்கவில்லை. அலாவுதீன் இன்னும் இரண்டு வருசம் ஆடினான். ஆடினான் என்று பேர்தான். கோலுக்கு முன்னால் பந்து வந்தால் கால் ஒரு நொடி யோசித்தது. யோசிக்கிற காலை ஃபார்வேர்டு என்று யார் சொல்வார்? முதலில் கடைசிப் பத்து நிமிசத்துக்கு இறக்கினார்கள். பிறகு தண்ணீர்ப் பாட்டில் எடுத்துக் கொடுக்கச் சொன்னார்கள். கல்யாணம் ஆனது, அவனும் ஒரு வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போய் மீன் தலை தின்றான். வயிறு வந்தது. பந்து போனது.

மச்சானோடு பேச்சு இல்லாமல் இல்லை. கடைப் பேச்சு, வீட்டுப் பேச்சு, பிள்ளைப் பேச்சு எல்லாம் உண்டு. அந்தப் பந்தை மட்டும் இருவரும் சுற்றிப் போனார்கள், நடுரூமில் தூங்குகிறவனைத் தாண்டிப் போகிற மாதிரி. ஒவ்வொரு நாளும் சோலையப்பன் அந்தக் கிளவுஸை மாட்டிக்கொண்டு குழம்புச் சட்டியை இறக்குவான். ஒவ்வொரு நாளும் இரண்டு பேரும் வேறு பக்கம் பார்ப்பார்கள்.

2008இல் அந்தப் பகுதிக் கட்டடங்களை இடிக்கப் போவதாகச் சொல்லி ரூமைக் காலி பண்ணச் சொன்னார்கள். கலீல் மச்சான் விசாவைக் கேன்சல் பண்ணி ஊருக்கே போய்விடுவதென்று முடிவு செய்தார். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் எல்லாரும் சாமான் கட்டினார்கள். அடுப்படி சாமானை எடுக்கையில் கிளவுஸ் மச்சான் கைக்கு வந்தது. உள்ளங்கை கருகி, விரல் நுனி பிய்ந்து, எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தது. அதைப் பார்த்தபடியே உட்கார்ந்துவிட்டார்.

அலாவுதீனுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"மச்சான், அன்னைக்கு நான் வேணும்னுதான் உருட்டுனேன். உங்களைக் கேவலப்படுத்தணும்னு இல்லை. அதுக்கு முந்தின வருசம் நடந்தது மறுபடி நடக்கக் கூடாதுன்னு..."

"தெரியும்."

"அதான் கிளவுஸை அடுப்படியில போட்டீங்க."

மச்சான் தலையை ஆட்டினார். இல்லை என்று ஆட்டினார்.

"நீ இடது பக்கம் போடுவேன்னு நெனைச்சேன் அலாவு. என் தோள் கதை உனக்குத் தெரியும்ல. அதுக்காகவே முழு ஒடம்பையும் வலது பக்கம் சாய்ச்சேன். வழியைத் தொறந்து விட்டேன்னு எவனுக்கும் சந்தேகம் வராது பாரு. அந்த வெள்ளைக்காரர் கண்ணு முன்னால நீ கோல் போட்டுட்டு புஜைரா போயிருவேன்னு நெனைச்சேன். உன் ராத்தாகிட்ட வியாழக்கிழமையே சொல்லிட்டேன். என் உம்மா ஏதாச்சும் சொன்னா நான் பார்த்துக்கிறேன்னு."

அலாவுதீன் கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்தான்.

"விழுந்தா, பந்து நான் விழுந்த இடத்துக்கே வருது. விட்டுரணும்னுதான் நெனைச்சேன். ஆனா வருசக்கணக்கா பந்து பிடிச்ச கை. அதுவா மூடிக்கிச்சு." கருகிய கிளவுஸைத் திருப்பிப் பார்த்தார். "உன் மேல என்ன கோவம்? இந்தக் கை மேலதான். இனி இது பந்தைத் தொடக் கூடாதுன்னு சட்டியைத் தொட வச்சேன்."

"இதை நீங்க அன்னைக்கே..."

"எப்படிச் சொல்றது? உனக்காக விட நெனைச்சேன்னு சொன்னா, உனக்கு மரியாதையா? நீயும்தான் சொல்லலை."

வெளியே லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அலாவுதீன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டான், "இடது பக்கம் போட்டிருந்தா கோல்தானே மச்சான்?"

"கோல்தான். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கூட பார்த்திருக்க மாட்டேன்."

ராத்தா பிள்ளைக்குப் பல் முளைத்த கதை சொன்னது அவனுக்கு ஞாபகம் வந்தது. அன்று அவள் குரல் அவ்வளவு அடங்கி இருந்தது நிம்மதியால் என்று இப்போதுதான் பிடிபட்டது. அவன் அதைப் பயம் என்று எடுத்துக்கொண்டிருந்தான்.

சோலையப்பன் அரிசி மூட்டையைத் தோளில் வைத்தபடி உள்ளே வந்தான். இரண்டு பேரையும் பார்த்தான், மச்சான் மடியில் கிடந்ததையும் பார்த்தான்.

"கலீல் பாய், அதை ஊருக்குக் கொண்டுபோயிராதீங்க. இங்க குடுங்க. புது ரூம்லயும் சட்டி சுடத்தான செய்யும்."

மச்சான் கொடுக்கவும் இல்லை, வைத்துக்கொள்ளவும் இல்லை. அலாவுதீன்தான் அவர் மடியிலிருந்து எடுத்து, ஒரு தட்டுத் தட்டி மசாலாத் தூளை உதிர்த்துவிட்டு, சோலையப்பன் மூட்டையின் மேல் வைத்தான்.