வலது பக்கத்துச் சத்தம்

அச்சகத்தில் பாதி ஆயுளைக் கழித்து ஓய்வு பெற்றவருக்குத் தெருவில் இன்னும் மெஷின்காரர் என்றுதான் பெயர். பிடிவாதக்காரர் என்று கூப்பிட்டாலும் பொருந்தும்.

அவருடைய காரில் கொஞ்ச நாளாக ஒரு முனகல். வேகம் கூடக் கூட அதுவும் கூடியது. பின் சக்கர பேரிங் தேய்ந்துவிட்டது என்று தெரிந்துகொள்ள அவருக்கு எந்த மெக்கானிக்கும் தேவைப்படவில்லை. "வலது பக்கம்தான். என் காது பொய் சொல்லாது," என்று சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே வேலையை ஆரம்பித்தார்.

உண்மையில் அவருக்குக் கேட்பது ஒரு காதுதான். இடது காது மெஷின் இரைச்சலுக்குப் பலியாகி வெகு காலம் ஆயிற்று. இதைப் பற்றி அவர் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. "வயசாச்சுப்பா, ஓட்டினது போதும்" என்று மகள் ஏற்கெனவே சாவியின் மேல் கண் வைத்திருந்தாள். காது விஷயமும் தெரிந்தால் வண்டி கைவிட்டுப் போய்விடும். அவருக்கு அது உயிர்.

வண்டியைத் தூக்குமுன் சக்கரத்தின் நடு நட்டைத் தளர்த்த வேண்டும். அது லேசில் மசியவில்லை. ஸ்பேனரில் நீளக் குழாயைச் சொருகி அதன்மேல் ஏறி நின்றார். "பார்த்துங்க," என்றாள் மனைவி. அவர் பாட்டுக்குக் குழாயை மிதித்துக்கொண்டிருந்தார். அவள் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்து நின்று இன்னொரு தரம் சொன்னாள்.

கழற்றிய பேரிங் கையில் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு சுற்றியது. தேய்ந்த பேரிங் அப்படிச் சுற்றாது என்று அப்போதே உறைத்திருக்க வேண்டும். "பாரம் ஏறினாத்தான் கத்தும்" என்று தனக்குத்தானே வக்காலத்து வாங்கிக்கொண்டு புதியதை மாட்டினார். மனுஷன் முகத்தில் அப்படி ஒரு மிதப்பு.

ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார்கள். மனைவி வழக்கம்போல் பின் சீட்டில், அவருக்கு நேர் பின்னால் ஏறிக்கொண்டாள். முன்னால் உட்காரவே மாட்டாள். "மகாராணிக்கு டிரைவரா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கிண்டலடிப்பார். மெஷின்காரருக்கும் உள்ளுக்குள் அது ஒரு குறைதான்.

பெரிய தெருவில் வேகம் பிடித்ததும் அதே முனகல். அவர் முகம் தொங்கிப்போயிற்று.

"சத்தம் இடது பக்கம்ங்க," என்றாள் அவள். "முன்னாடியே தெரியும்."

"அப்ப ஏன் வாயைத் திறக்கல? பாதி நாள் வீணாப் போச்சே!"

"சொன்னா, உங்க காதைப் பத்தியும் பேச வேண்டி வருமே."

அவர் வண்டியை ஓரம் கட்டினார்.

"எப்போலேருந்து தெரியும்?"

"முன்னாடி உக்கார்றதை விட்டேனே, அப்போலேருந்து. அந்தப் பக்கத்துலேருந்து நான் பேசினது எதுவும் உங்களுக்கு விழல."

இத்தனை வருஷமும் அதைத் திமிர் என்று நினைத்தோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. "நம்ம பொண்ணுகிட்ட..." என்று இழுத்தார்.

"சொல்லல. ஆனா நாளைக்கு காது டாக்டர்கிட்ட போறோம். ஓட்டலாமா வேண்டாமான்னு அவர் சொல்லட்டும்."

"காதுல மெஷினை மாட்டிக்கச் சொல்வாரு. அசிங்கமா இருக்கும்."

"இருக்கட்டும். இத்தனை வருஷமா உங்க பின்மண்டையையே பார்த்துட்டு வரேன். எனக்கும் முன்னாடி உக்காந்து ரோட்டைப் பார்க்கணும்னு ஆசை இருக்காதா?"