மண்ணுக்குள் போகும் மின்கம்பி

டொராண்டோவில் எங்கள் தெரு மின்கம்பிகள் பார்க்க அசிங்கமாக இருக்கின்றன என்று ஒரு கூட்டம் போட்டார்கள். ஊரில் இருக்கும் உங்களுக்கு வேடிக்கையாகத்தான் படும். கம்பியில் அழகு, அசிங்கம் உண்டென்பது எனக்கும் அன்றுதான் தெரிந்தது. கம்பங்கள் பழசாகிவிட்டன, எப்படியும் மாற்ற வேண்டும்; கேபிளாக மண்ணுக்குள் புதைக்கலாம், ஆனால் செலவு பல மடங்கு, வீட்டுக்கொரு பங்கு போட வேண்டும் என்றார் அதிகாரி. பென்ஷனில் வாழும் பக்கத்து வீட்டு ஹெலன் என் பக்கம் குனிந்து, "அழகுக்காகவா இவ்வளவு செலவு?" என்றார். என் தம்பி கம்பியில்தான் போய்விட்டான் என்பதை எனக்கு வந்த ஆங்கிலத்தில் சொன்னேன். "எங்கே போனார்?" என்று கேட்டார்.

எழுபதுகளில் ஓர் ஐப்பசி. தென்னூரில் எங்கள் வாசலுக்கு எதிரே கம்பி தாழ்ந்து தொங்கியது. காற்றடித்தால் உரசிப் பொறி பறக்கும். பள்ளி ஆசிரியரான அப்பா அதற்காக மின்வாரிய அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். ஒருமுறை நானும் கூடப் போனேன்.

"நீங்க சொல்றது நியாயம்தாங்க சார். இருக்கிற கம்பத்தை மாத்தவே மேலேருந்து பணம் வரலை. பூமிக்கடியில போடணும்னா யாரு குடுப்பாங்க?" என்றார் அங்கிருந்தவர்.

அடுத்த வாரம் விடிய விடிய மழை. காலையில் கல்லூரிக்குச் சைக்கிளில் கிளம்பிய தம்பி சவரி, தெருவில் தேங்கியிருந்த தண்ணீரில் காலை ஊன்றினான். கம்பி அறுந்து அதற்குள் கிடந்தது. ஓடப் பார்த்த அம்மாவை அப்பா இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார். கரண்டை நிறுத்தும்வரை மகன் கிடப்பதைப் பார்த்தபடி இருவரும் வாசலிலேயே நின்றார்கள்.

அறுந்த கம்பியை முறுக்கி இணைத்து மறுபடி ஏற்றினார்கள். ஸ்ரீரங்கத்திலோ காட்டூரிலோ வீடு பாருங்கள் என்றால், "சவரி இருந்த வீடும்மா" என்கிறார் அப்பா.

டொராண்டோ கூட்டத்தில், புதைக்கலாம் என்று நான் கை தூக்கினேன். ஹெலன் தூக்கவில்லை, அவர் கஷ்டம் அவருக்கு. கோடையில் கேபிள் மண்ணுக்குள் போனது. ஐப்பசி பிறந்ததும் வழக்கம்போல எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தென்னூர் வீட்டில் டெலிபோன் இல்லாததால் எதிர் வீட்டுக்குப் போன் போட்டு அம்மாவை வரவழைத்தேன். பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் குரலுக்குப் பின்னால் மழை இரையத் தொடங்கியது.

"மழை வலுக்குதும்மா. அப்பா தனியா இருக்காரு, வச்சிடட்டுமா?" என்றாள்.

அவள் தெருவைக் கடக்க வேண்டும்.

"கொஞ்சம் இரும்மா, மழை விடட்டும். அதுவரைக்கும் ஏதாவது பேசு."

"என்னத்தைப் பேச?" என்றாள்.

என் ஜன்னலில் காலை வெயில் அடித்தது. ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு, தென்னூரில் மழை விடுவதற்காகக் காத்து நின்றேன்.