படத்தில் இல்லாத கறுப்புக் குட்டி

கோபாலபுரத்தில் எங்கள் ஃபிளாட் மாடிப்படிக்கு அடியில் பூனை நாலு குட்டி போட்டது. மூன்று வெள்ளை, ஆரஞ்சுத் திட்டுகளோடு. ஒன்று முழுக் கறுப்பு.

யாராவது எடுத்து வளர்க்கட்டும் என்று குடியிருப்பு வாட்ஸ்அப்பில் படம் போட்டேன். கறுப்பைப் பார்த்தால் தயங்குவார்கள் என்று படத்திலிருந்து அதை மட்டும் நீக்கிவிட்டேன்.

இன்று காலைக்குள் மூன்றும் போய்விட்டன.

துணி வாங்க வந்த இஸ்திரிக்கார அக்கா குனிந்து பார்த்தார். "இன்னா சார், மாடி வூட்டம்மா காட்டின போட்டோல மூணுதான கீது? இது எப்போ பொறந்துச்சு?"

"அதுதாங்க்கா மொதல்ல பொறந்துச்சு." நான் பக்கத்திலேயே நின்று பார்த்தவன்.

அக்கா அதன் தலையைத் தடவிவிட்டுத் துணியோடு கிளம்பினார்.

இதோ, அதன் படம். வளர்க்க நினைப்பவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். என்னைத் திட்ட நினைப்பவர்களும் வரலாம். இந்த முறை எதையும் நீக்க மாட்டேன்.