ஓமவாட்டர் வைத்தியம்

நேற்று ராஜகீழ்ப்பாக்கம் மருந்துக்கடையில் ஒருவர் ஓமவாட்டர் பாட்டிலைக் கைதவறி உடைத்துவிட்டார். அந்த வாசனை பட்டதும் பெரியப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பாவுக்கு வெளியூரில் வேலை. நானும் அம்மாவும் தாம்பரத்தில் பெரியப்பா வீட்டு மாடியில் இருந்தோம். 'தெரியாது' என்று ஒருநாளும் சொல்லியறியாத மனிதர் அவர். ஒரு காலையில் என் முயல் பஞ்சு, கொத்தமல்லியைக்கூட மோந்து பார்க்காமல் மூலையில் குறுகி உட்கார்ந்து பல்லை நறநறத்தது. காதுகள் சில்லிட்டிருந்தன.

"டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடறேன்," என்றாள் அம்மா.

"முயலுக்கு டாக்டரா? காலனியே சிரிக்கும். இது வெறும் வாயு," என்ற பெரியப்பா, அதன் வாயைப் பிளந்து ஓமவாட்டரை ஊற்றினார். பஞ்சு திமிறியது, மூச்சுக்குத் தவித்தது. மதியத்துக்குள் என் மடியிலேயே விறைத்துப்போனது. லேசாகத் தும்மல் வந்தாலே இரண்டு டாக்டர்களைப் பார்க்கும் அந்த மேதை, "அதோட ஆயுசு அவ்ளோதான்," என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

அவர் எதிரில் உட்காரவே தயங்கும் அம்மா, கொடியில் காய்ந்த அவருடைய பட்டுக்கரை வேட்டியை உருவி, பஞ்சுவைச் சுற்றி, முருங்கை மரத்தடியில் புதைத்தாள்.

"ஐயோ, அது விசேஷத்துக்குக் கட்டற வேட்டி!" என்று எச்சில் கையோடு ஓடிவந்தார் பெரியப்பா.

"தோண்டி எடுத்துக் கட்டிக்கோங்க," என்றாள் அம்மா.

அந்த மாதமே வேறு வீடு போனோம். இப்போது பெரியப்பா படுத்த படுக்கையாம், வந்து பார்க்கச் சொல்கிறார்கள். நான் போவதாக இல்லை.