காமிராவுக்கு முதுகு காட்டியவர்

எங்கள் தலைநகர் தால்லினில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் ஹெல்வே. ஐம்பதைத் தாண்டிய பெண்மணி, நெட்டை உடம்பு. மாணவன் டிராமுக்குக் குறுக்கே வண்டியை விட்டாலும் குரலை உயர்த்தாமல், "இப்ப பிரேக்கைத் தொடலாம்னு நினைக்கிறேன்" என்பார். வேலை முடிந்தால் சேர்ந்திசைக் குழுவில் கீழ்க்குரல் பாடப் போய்விடுவார். எங்கள் நாட்டில் அப்படியொரு குழுவில் இல்லாத ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதனால் அதை யாரும் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை.

அவரிடம் படித்து, பலமுறை தோற்று, கடைசியில் லைசென்ஸ் வாங்கியவன் மார்குஸ். பிற்பாடு அவன் தொலைக்காட்சியில் இயக்குநர் ஆனான். ஐரோப்பியப் பாட்டுப் போட்டிக்கு எங்கள் நாட்டின் பாட்டைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி குளிர்காலந்தோறும் அவன் பொறுப்பு. காமிராக்கள் எங்கே நகரலாம் என்று பார்க்கும் ஒத்திகைக்குப் பாடகர்கள் வரமாட்டார்கள். அவர்கள் இடத்தில் நின்று பாட யாராவது வேண்டும். மார்குஸ் ஹெல்வேக்குப் போன் போட்டான்.

"நான் ஓட்டின ஓட்டுக்குப் பக்கத்துல ஆடாம அசையாம உக்காந்திருந்தது நீங்க ஒருத்தர்தான், டீச்சர். உங்களால எங்க வேணாலும் நிக்க முடியும்."

"கண்ணை மூடிட்டு இருந்தேன். நீ கவனிக்கலை," என்றார் ஹெல்வே. ஆனாலும் போனார்.

போனவருக்கு அது பிடித்துவிட்டது. கழுத்தில் பாடகரின் பெயரட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு பள்ளிக்கூடப் பெண்ணாக நின்றார், முழு ராக் குழுவாகத் தனியாளாக நின்றார். தன் முகம் டிவியில் வராது என்பதில் அவருக்கு நிம்மதிதான்.

திரீனு என்ற பெண் ஹீயுமா தீவிலிருந்து வந்தது அப்படியொரு வருடம். கடல் உறைந்த மாதத்தில், பனிமேல் கார் ஓட்டிக்கொண்டு கரைக்குப் போன அப்பாவுக்காகக் காத்திருக்கும் பெண்ணின் பாட்டு அவளுடையது. அப்பா திரும்பி வந்துவிடுகிறார், அவ்வளவுதான் கதை. பாட்டு மெதுவாகப் போகிறதே என்று பயந்து மார்குஸ் அதற்கு உயரமான படிக்கட்டு, நாலு ஆட்டக்காரர்கள், முடியைப் பறக்கவிடும் காற்றாடி எல்லாம் போட்டுக்கொடுத்தான். பத்திரிகைகள் அவளுக்குக் கடைசி இடம் என்றே எழுதின.

ஒத்திகை அன்று காலை ஹெல்வே நடைபாதைப் பனியில் வழுக்கி விழுந்திருந்தார். முழங்கால் வீங்கிவிட்டது. படியிறங்கி வர முடியாது. ஆட்டக்காரர்களும் சாப்பிடப் போயிருந்தார்கள். "நான் இங்கயே உக்காந்து பாடிடறேன், நீங்க உங்க வேலையைப் பாருங்க," என்று கீழ்ப்படியில் உட்கார்ந்து பாட ஆரம்பித்தார். துரத்துவதற்கு ஒன்றும் இல்லாமல் போன காமிராக்காரன் ரைவோ, காமிராவைச் சும்மா அவர் முகத்துக்குக் கிட்டே மெல்லக் கொண்டுபோனான்.

வெளியே வேனில் மானிட்டர் முன்னால் இருந்த மார்குஸ் ரொட்டியை மெல்லுவதை நிறுத்தினான்.

"யாரோட பாட்டு இது?"

"திரீனு பாட்டுதான்," என்றான் பக்கத்தில் இருந்தவன்.

"இதுல அப்பா வர்றாரா?"

"முதல்லேர்ந்தே வர்றாரு."

அன்று மாலையே ஆட்டக்காரர்களும் காற்றாடியும் போய்விட்டார்கள். நிகழ்ச்சியில் திரீனு கீழ்ப்படியில் உட்கார்ந்து பாடினாள். நடுவர்கள் மூன்றாம் இடம் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் போட்ட ஓட்டு அவளை முதல் இடத்துக்குத் தூக்கிவிட்டது.

பெரிய போட்டி தெற்கே வேறொரு நாட்டில். வசந்தத்தில் அங்கிருந்து ஒரு வீடியோ வந்தது. அந்த ஊர் மாற்றாள் ஒருத்தி, பெயர் தெரியாத பெண், திரீனுவின் இடத்தில் உட்கார்ந்து பாடியிருந்தாள். எங்கள் அரங்கத்தைப் போலப் பத்து அரங்கம் கொள்ளும் மேடை அது. அவள் பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் போலத் தெரிந்தாள்.

"பாவம், நல்லாத்தான் உக்காந்திருக்கா," என்றார் ஹெல்வே. "இடம்தான் அவளை முழுங்கிடுச்சு."

மார்குஸ் நெற்றியைத் தேய்த்தான். "திரும்ப ஆட்டக்காரங்களைத்தான் கூப்பிடணும் போல."

திரீனு அதிகம் பேசுபவள் அல்ல. அன்று பேசினாள். "இங்க பாடினப்போ ஹெல்வே காமிரா பக்கத்துல நின்னாங்க. நான் அவங்களைப் பாத்துத்தான் பாடினேன். அங்க யாரைப் பாத்துப் பாடறது?"

மேடையில் ஆறு பேர் வரை நிற்கலாம் என்பது போட்டியின் விதி. மார்குஸ் ஹெல்வேயை மேலும் கீழும் பார்த்தான். "டீச்சர், நீங்க அவளுக்கு எதிர்ல உக்காந்து கீழ்க்குரல் பாடினா என்ன? காமிரா உங்க தோளுக்குப் பின்னாலேர்ந்து அவகிட்ட போகட்டும். பாக்கறவங்களுக்கு, அவ தங்ககிட்டயே சொல்றா மாதிரி இருக்கும்."

"என் முகம் வருமா?"

"வராது. முதுகுதான்."

"அப்ப சரி."

அப்படித்தான் ஹெல்வேயின் முதுகு ஐரோப்பா முழுவதும் போனது. சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, கழுத்துக்கு மேல் வெட்டிய நரைமுடி. மேடைக்குப் போகும் நடையில் திரீனுவின் கை சில்லிட்டிருந்தது. ஹெல்வே அதைப் பிடித்துக்கொண்டு, பயிற்சிக் காரில் பேசுகிற அதே குரலில், "கண்ணாடியைப் பாரு, மூச்சை விடு, மெதுவா கிளப்பு," என்றார். திரீனு சிரித்தேவிட்டாள். பாடும்போது அப்பாவின் கார் விளக்கு தெரிகிற வரியில் அவள் ஹெல்வேயின் கண்ணை நேராகப் பார்த்தாள். ஹெல்வேக்குக் கீழ்க்குரல் ஒரு வரி வராமலே போனது.

அரையிறுதியைத் தாண்டினார்கள். இறுதியில் பதினாலாம் இடம். தீப்பிழம்போடு ஆடிய நாட்டுக்கு அடுத்தபடியாகப் பாட வேண்டி வந்ததுதான் காரணம் என்று மார்குஸ் விமானத்தில் வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தான். திரீனு ஜன்னலோரம் தூங்கிப்போயிருந்தாள்.

"அந்த ஒரு வரி நான் பாடலை," என்றார் ஹெல்வே.

"தெரியும் டீச்சர். அந்த இடத்துல உங்க தோள் ஆடிச்சு. இருந்ததுலயே நல்ல ஷாட் அதுதான்."

சேர்ந்திசைக் குழுவில் அவரை ஒரு வாரம் சும்மா விடவில்லை. "உன் முதுகுக்கு நல்ல குரல்," என்றாள் பக்கத்தில் நிற்கிறவள். சந்தையில் ஒரு கிழவர் பின்னாலிருந்தே அடையாளம் கண்டுகொண்டு, இரண்டு வெள்ளரிக்காயைக் கையில் திணித்துவிட்டுப் போனார்.

அடுத்த குளிர்காலம் ஹெல்வே மறுபடி ஒத்திகைக்குப் போனார். அட்டையில் தாடிவைத்த ராப் பாடகன் ஒருவனின் பெயர். அவன் செய்வது போலவே விரல்களை விரித்து, தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, ஒரு சொல்லையும் விடாமல் அவர் வேகவேகமாகச் சொல்லி முடித்தார். சிரிப்பை அடக்க முடியாமல் ரைவோவின் காமிரா குலுங்கியது. அந்த ஷாட்டைத் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று.