கதவின் இடது காது

கதவு என்றால் மரக்கதவு இல்லை, ஒரு சலூன்காரர். அவர் தோள் இரண்டும் சேர்ந்தால் ஒரு வாசலை அடைத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நகராட்சி நீச்சல் குளத்தில் நடுவயசுக்காரர்கள் கூடி வாட்டர் போலோ ஆடுவார்கள். அதில் இவர்தான் கோல் கீப்பர். கையை விரித்துத் தண்ணீரிலிருந்து எழும்பினால் பின்னால் வலை இருப்பதே தெரியாது. அப்படி ஒட்டிக்கொண்ட பெயர்தான் கதவு. வாரம் முழுக்க மற்றவர் தலைக்குமேல் குனிந்து நிற்கிற மனுஷன் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் நிமிர்வார். அதுவும் கால் ஊன்றத் தரையில்லாத இடத்தில்.

அந்த ஆட்டத்துக்கென்று ஒரு துணித்தொப்பி உண்டு. தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டுக் கட்டுவார்கள். அதன் இரண்டு பக்கமும் சின்னக் கிண்ணம் மாதிரி பிளாஸ்டிக் மூடி இருக்கும். பந்து காதில் அறைந்தால் செவிப்பறை கிழியாமல் காப்பதற்காக வைத்தது. நம் ஆளுக்கு அது ஆகவில்லை.

"இதப் போட்டா நீங்க கத்துறதெல்லாம் கிணத்துக்குள்ள இருந்து கத்துற மாதிரி கேக்குதுய்யா" என்று சொல்லி, ஒருநாள் கடைக் கத்தரிக்கோலால் மூடி இரண்டையும் நறுக்கி எறிந்துவிட்டார். சரி, தன்னோடு நிறுத்தினாரா? தான் கெட்டதுமில்லாமல் வனத்தையும் கெடுத்ததாம் குரங்கு. மற்றவர்களும் தொப்பியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வர, "முடிக்குத்தான் காசு, மூடிக்கு இலவசம்" என்று ஜோக் அடித்துக்கொண்டே எல்லாருக்கும் வெட்டிக் கொடுத்தார்.

அவரை அடித்தது எதிரியில்லை, உயிர்ச் சிநேகிதன். பேக்கரிக்காரர். மாவு பிசைந்து பிசைந்து உரமேறிய கை. பயிற்சியில் அவர் வீசிய பந்து கதவின் இடது காதில் நேராக வந்து அறைந்தது. உள்ளே 'பட்'டென்று ஒரு சத்தம். அடுத்த நொடி, கிழிந்த வழியாகக் குளிர்ந்த தண்ணீர் உள்ளே போனதும் குளமே சுழன்றது. மேல் எது, கீழ் எது என்று தெரியவில்லை. தண்ணீரில் இத்தனை வருஷம் கிடந்தவருக்கு முதல் தடவையாகத் தண்ணீரைப் பார்த்துப் பயம் வந்தது. பேக்கரிக்காரர்தான் கழுத்தில் கைகொடுத்து இழுத்துவந்து கரையில் உட்காரவைத்தார். வாந்தி எடுத்து, தலைசுற்றல் அடங்கியதும் கதவு சொன்ன முதல் வார்த்தை இதுதான்:

"எங்க வீட்ல இதப் பத்தி யாரும் மூச்சு விடக் கூடாது."

வலியைவிட அவரைப் பிடுங்கித் தின்றது வேறொன்று. டாக்டரிடம் போனால், இனிமேல் தண்ணீர்ப் பக்கமே தலைவைத்துப் படுக்காதே என்று சொல்லிவிடுவாரோ? ஞாயிற்றுக்கிழமை போய்விட்டால் தன்னிடம் மிச்சம் என்ன இருக்கிறது? அதற்கு ஒரு காது போனால் போகட்டும் என்று நினைத்தார். இப்படி ஒரு முட்டாளை நான் பார்த்ததில்லை. ஆனால் அவரை வெறுக்கவும் முடியாது.

மனைவி பக்கத்துக் கடையில் லாண்டரி வைத்திருந்தார். நாள் முழுக்க இரண்டு கடைக்கும் நடுவே பேச்சு ஓடும். அவர் பேச, இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அந்த அம்மாளுக்குச் சந்தேகமே வரவில்லை. புருஷன் காதில் வாங்காமல் தலையாட்டுவது எந்த வீட்டில் புதுசு?

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவர் அவ்வளவு கெட்டிக்காரர் இல்லை. அந்த வாரமே ஹெட்மாஸ்டர் ஷேவிங்குக்கு வந்தார். ஊரே அந்த மனுஷனை அடையாளம் காண்பது மீசையை வைத்துத்தான். முகமெல்லாம் நுரை, மேலே ஃபேன் சத்தம், கதவு நின்றதோ வலது பக்கம். ஹெட்மாஸ்டரின் வாய் அவருடைய இடது காதுக்கு நேரே இருந்தது.

"மீசைய விடுங்க" என்றார் ஹெட்மாஸ்டர்.

"எடுங்க" என்று கேட்டது கதவுக்கு. ஆச்சரியப்பட்டார். இரண்டாம் தடவை கேட்டால் காது விஷயம் வெளியே வந்துவிடுமே என்று, வழக்கம்போல் தலையாட்டிவிட்டுக் கத்தியை வைத்தார். ஒரே இழுப்பு. பாதி மீசை நுரையோடு நுரையாகப் போயிற்று.

ஹெட்மாஸ்டர் போட்ட கூச்சலில் லாண்டரியிலிருந்து மனைவி இஸ்திரிப்பெட்டியைக்கூட நிமிர்த்தி வைக்காமல் ஓடிவந்தார். சரியாக அந்த நேரம் பார்த்து, குற்ற உணர்ச்சி தாங்காமல் ஒரு ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பேக்கரிக்காரர் உள்ளே நுழைந்தார். மனைவி நிற்பதைக் கவனிக்காமல், "காது இப்ப எப்படிப்பா இருக்கு? சீழ் கீழ் வருதா?" என்று கேட்டுவைத்தார். காதும் காதும் வைத்தாற்போல் முடித்துவிடலாம் என்று நினைத்த விஷயம் கடை நடுவே வந்து விழுந்தது.

மனைவி கத்தவில்லை. ஹெட்மாஸ்டரிடம் மன்னிப்புக் கேட்டார். மிச்ச மீசையையும் எடுக்கச் சொன்னார். கடைக்குப் பூட்டுப் போட்டார். "கிளம்புங்க" என்றார். அது கதவுக்கு நன்றாகவே கேட்டது.

காது டாக்டரம்மா விளக்கை வைத்துப் பார்த்தார். செவிப்பறையில் ஓட்டை. "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நெனச்சுக்குங்க. பெரும்பாலும் தானாவே மூடிக்கும். ஆனா நான் சொல்ற வரைக்கும் உள்ள ஒரு சொட்டுத் தண்ணி போகக் கூடாது. எண்ணெய், கண்ட சொட்டு மருந்து எதுவும் வேண்டாம். மூக்க அழுத்திச் சிந்தாதீங்க. தும்மல் வந்தா வாயத் திறந்து தும்முங்க. பட்ஸ் போட்டுக் குடையுற பழக்கம் உண்டா?"

"எனக்கில்ல. கஸ்டமருக்குத்தான் குடைஞ்சு விடுவேன்" என்றார் கதவு பெருமையாக.

"அதையும் நிறுத்துங்க" என்றார் டாக்டரம்மா.

அன்றைக்கு ஆரம்பித்தது ஒரு புது வாழ்க்கை. ஊராருக்கெல்லாம் தலை அலசிவிட்டவருக்கு, கடை மூடிய பிறகு அவர் நாற்காலியிலேயே அவரை உட்காரவைத்து மனைவி தலை அலசினார். பஞ்சில் வாஸ்லைன் தடவிக் காது வாசலை அடைப்பார். தலையைப் பின்னால் சாய்த்து, ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு, குவளையில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவார். ஊற்றும்போதே திட்டும் ஊற்றும். முன்பெல்லாம் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டவர், இப்போது வெளியே விட வழியில்லாமல் அத்தனையையும் உள்ளே வைத்துக்கொண்டார். ஆனால் அந்தக் கை எவ்வளவு பதமாக இருந்தது என்று கதவுக்குத் தெரியும். தன் கைக்குத் தலை கொடுத்தவர்கள் ஏன் கண்ணை மூடிக்கொள்கிறார்கள் என்று அவருக்கு இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் புரிந்தது.

இதற்கிடையே அந்த அம்மாள் டீம் முழுவதையும் லாண்டரிக்கு வரவழைத்தார். பஸ் டிரைவர் முதல் பேக்கரிக்காரர் வரை, பெரிய பெரிய ஆம்பிளைகள் வரிசையாகத் தலைகுனிந்து தொப்பியை நீட்டினார்கள். புது மூடி வாங்கிவரச் சொல்லி, கோட்டுப் பொத்தான் தைக்கிற முரட்டு நூலால் ஒவ்வொன்றாகத் தைத்துக் கொடுத்தார். "இதுமேல எவன் கத்தரி வைக்கிறானோ, அவன் துணிய நான் வெளுக்க மாட்டேன்" என்றார். கூப்பிடுவது கேட்காதே என்று ஒருவர் முனகினார். "அப்ப இன்னும் சத்தமா கூப்பிடுங்க. செவிப்பறை கிழிஞ்சா தச்சுக் குடுக்க எங்கிட்ட நூல் இல்ல" என்றார்.

சில வாரம் கழித்துச் செவித்திறன் சோதனை. கண்ணாடி அறைக்குள் ஹெட்போனை மாட்டி உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் விரலைத் தூக்கச் சொன்னார்கள். வலது காதுக்குக் கதவு ஒழுங்காகத் தூக்கினார். இடது காதுக்கு வந்ததும் விரல் படபடவென்று எழும்ப ஆரம்பித்தது. சோதனை எடுத்த பெண் கருவியை ஒரு தரம் பார்த்தார், அவரை ஒரு தரம் பார்த்தார், அறைக் கதவைத் திறந்தார்.

"சார், நான் இன்னும் சத்தமே குடுக்கல."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனைவிக்கு அது கேட்டுவிட்டது. எழுந்து வந்தார். அத்தனை நாள் திட்டித் தீர்த்தவருக்கு அப்போது திட்டவே வரவில்லை.

"யார ஏமாத்துறீங்க? அந்தப் பொண்ணயா, என்னையா? குளத்துக்குப் போகாதீங்கன்னு இத்தன வருஷத்துல ஒரு நாளாவது சொல்லியிருக்கேனா? நீங்க திரும்பி வர்றப்ப அந்த மொகத்துல ஒரு சந்தோஷம் இருக்கும் பாருங்க, அதுக்காகத்தான ஈரத் துண்ட தோய்ச்சுப் போடுறேன். அத நானா பறிப்பேன்? ஆனா எனக்கு ரெண்டு காதும் வேணுங்க. வயசான காலத்துல கத்திக் கத்திப் பேச என்னால முடியாது."

கதவு ஹெட்போனைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தார். பிறகு அந்தப் பெண்ணிடம், "முதல்ல இருந்து எடுங்கம்மா" என்றார். இந்தத் தடவை விரல் வெகுநேரம் தொடைமேல் அசையாமல் கிடந்தது. கேட்காததைக் கேட்கவில்லை என்று ஒப்புக்கொள்ள அவ்வளவு பெரிய உடம்புக்கு எவ்வளவு பலம் வேண்டியிருந்தது! ஓட்டை இன்னும் முழுதாக மூடவில்லை, பொறுங்கள் என்று டாக்டரம்மா சொன்னார். பொறுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கரையில் உட்கார்ந்து, தான் இல்லாத வலைக்குள் பந்து பந்தாக விழுவதைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார்.

அடுத்த சோதனையில் ஓட்டை மூடியிருந்தது. காதுமூடியோடு இறங்கலாம் என்று டாக்டரம்மா அனுமதி கொடுத்தார். ஆனால் டாக்டர் அனுமதி வேறு, வீட்டு அனுமதி வேறு. கண்ணாடி அறையில் பிடிபட்டவர் எந்த முகத்தோடு போய்க் கேட்பார்? கேட்கவில்லை. மனைவியும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் கடையைக் கட்டும் நேரம். கதவு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மனைவி அவருக்கு இடது பக்கத்தில், முதுகைக் காட்டி நின்றபடி, மடித்த துண்டுகளை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தார். திரும்பாமலே, தனக்குத்தானே பேசுகிற மாதிரி, மூச்சோடு மூச்சாக ஒரு வார்த்தை சொன்னார்.

"நாளைக்குக் குளத்துக்குப் போயிட்டு வாங்க."

கதவு துடைத்த இடத்தையே இன்னொரு தரம் துடைத்தார். கண்ணாடியில் பார்த்தார். துண்டின்மேல் மனைவியின் கை அப்படியே நின்றிருந்தது. பதில் வராத ஒவ்வொரு நொடிக்கும் அந்தத் தோள் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்துகொண்டே வந்தது.

"நீயும் வர்றியா?" என்றார் கதவு.