பெயர் மாற்றப்பட்ட ஊர்

ஆய்வுக் கட்டுரையில் அந்த ஊருக்கு அழகான பெயர் ஒன்றைச் சூட்டியிருந்தார்கள். மேலநீலிதநல்லூர்ப் பக்கம் கரிசல் காட்டுக்கு நடுவில் வெயிலில் கிடக்கும் சிற்றூர் அது. கட்டுரையில் ஆற்றங்கரை ஊர் போல ஒலித்தது. வார்டு உறுப்பினரான பெண்ணுக்கு வேறு பெயர், நிலக்காரருக்கு வேறு பெயர். முதல் பக்கத்தின் அடிக்குறிப்பு, தகவல் தந்தவர்களைக் காக்கும் பொருட்டுப் பெயர்கள் மாற்றப்பட்டுள்ளன என்று சொல்லியது. அந்த ஒரு வரியை எத்தனையோ முறை படித்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் ஆத்திரம் புதிதாகவே வருகிறது.

சங்கரன்கோவிலில் கல்லூரி ஒன்றில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்த இளம்பெண் ஒருத்தி, நண்பர்கள் வழியாக என்னைத் தேடி வந்தாள். சிற்றூர்களில் சாதிகளுக்கு இடையே சத்தமில்லாமல் நடக்கும் விட்டுக்கொடுத்தல்கள் பற்றியது அவள் ஆய்வு. புத்தகத் தமிழ் கற்றிருந்தாள். எங்கள் பக்கத்துப் பேச்சு அவளுக்குப் பிடிபடவில்லை. மொழிபெயர்த்துச் சொல்ல என்னை அழைத்தாள். நல்ல பெண்தான். எந்த வீட்டிலும் தண்ணீர் வாங்கிக் குடித்தாள், தரையில் உட்கார்ந்தாள், குறுக்கே பேசாமல் கேட்டாள். கெட்டவளாக இருந்திருந்தால் நான் அன்றே விலகியிருப்பேன்.

அந்த ஊரின் கீழத்தெரு பட்டியல் சாதியினருடையது. சுற்றியுள்ள நிலம் மேலத்தெருக்காரர்களுடையது. கீழத்தெருவின் சுடுகாடு ஓடைக்கு அப்பால் இருக்கிறது. மழைக்காலத்தில் ஓடை நிறைந்துவிடும். தண்ணீரில் இறங்காமல் சுற்றிப் போக வேண்டுமானால் மேலத்தெருப் பெரியவர் ஒருவரின் நிலத்து ஓரமாகத்தான் போயாக வேண்டும். அப்படிப் போக எந்தக் காலத்திலும் விட்டதில்லை.

வார்டு உறுப்பினர் கீழத்தெருக்காரி. நாற்பது வயது இருக்கும். பேச்சில் ஒரு நிதானம், நடுவில் சட்டென்று ஒரு கிண்டல். அவளை எனக்கு முதல் நாளே பிடித்துவிட்டது. மூன்றாவது முறை போனபோது, ஒலிப்பதிவுக் கருவியைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

"டீச்சர், பேரை மாத்திருவாவள்லா?"

"மாத்திருவாங்க."

"ஊர் பேரு?"

"அதையும்தான்."

"அப்பஞ் சரி. இது எங்க வீட்டு ஆளுக்கே தெரியாது, கேட்டுக்கிடுங்க."

அவளுடைய மாமியார் ஓர் ஐப்பசியில் இறந்திருந்தார். ஓடையில் இடுப்பளவுத் தண்ணீர். சுமந்தவர்களில் ஒருவர் வழுக்க, பாடை சரிந்துவிட்டது. "காலு ரெண்டும் தண்ணியில இழுபட்டுது டீச்சர். செத்த பெறவும் எங்க அத்தை நனைஞ்சுக்கிட்டே போனா" என்றாள். காரியம் எல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள், அந்தப் பெரியவர் தனியாகக் கிணற்றடியில் நின்ற நேரம் பார்த்து அவரிடம் போயிருக்கிறாள்.

"என்ன கேட்டீங்க?" என்றேன்.

"ஒண்ணும் கேக்கல. மொதலாளி, இப்படி ஆயிட்டுன்னு சொன்னேன். அவிய மோட்டாரையே பாத்துக்கிட்டு நின்னாவ. சரின்னும் சொல்லல, போன்னும் சொல்லல. நான் வந்துட்டேன்."

அடுத்த விதைப்பில் அவர் தன் நிலத்தின் ஓரத்தில், பாடை தூக்கி நாலு பேர் நடக்கும் அகலத்துக்கு உழாமல் விட்டார். அவருடைய பங்காளிகள் கேட்டதற்கு, "அங்கன களர் அடிச்சுப் போச்சு வே, வெத போட்டா வீணு" என்று சொல்லிவிட்டார். கீழத்தெருச் சாவுகள் அதன் பிறகு அந்த ஓரமாகவே போயின. யாரும் யாருக்கும் நன்றி சொல்லவில்லை. அந்தக் களர் என்ற பொய்யின் மேல்தான் பாதை கிடந்தது.

இதைக் கேட்டு ஆய்வாளப் பெண்ணின் கண்கள் ஒளிர்ந்தன. அவள் தேடி வந்ததே இதுதான். எனக்கும் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையில் நான் மொழிபெயர்ப்பாளராக மட்டும் நிற்கவில்லை. அந்தப் பெரியவர் யார், முன்பு என்ன பதவியில் இருந்தார், ஓடைக்கு வடக்கே கிணறு இருக்கும் ஒரே நிலம் அவருடையது என்பதையெல்லாம் நானே விளக்கிச் சொன்னேன். வார்டு உறுப்பினர் 'மொதலாளி' என்ற ஒரு சொல்லோடு நிறுத்தியிருந்தாள். மீதியைக் கொடுத்தவள் நான்.

கட்டுரை இரண்டு ஆண்டுகள் கழித்து வந்தது. நான் சொன்ன கிணறு அதில் இருந்தது, பழைய பதவி இருந்தது, களர் இருந்தது. பெயர்கள் மட்டும் இல்லை. சென்னையில் படிக்கும் அந்தப் பெரியவரின் உறவுக்காரப் பையன் ஒருவன் அதைப் படித்து, தமிழில் சுருக்கிக் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். மேலத்தெரு டீக்கடையில் பங்காளிகள் அவரைச் சுற்றி நின்று கேட்டதை வார்டு உறுப்பினர் பிறகு எனக்குச் சொன்னாள்: "களரு எங்கவே அடிச்சிருக்கு? நெலத்துலயா, உம்ம மண்டையிலயா?"

அந்த வாரமே அவர் அந்த ஓரத்தை உழுது உளுந்து விதைத்தார். ஓடைப் பக்கம் உடைமுள்ளை வெட்டிப் போட்டு அடைத்தார். உளுந்து இடைவெளியில்லாமல் முளைத்து வந்தது. உப்புப் பூத்த களர் நிலத்தில் எதுவும் விளையாது என்று ஊருக்கே தெரியும். பச்சைப் பசேலென்று நின்ற அந்த உளுந்து அவர் சொன்னது பொய் என்பதைப் பார்த்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது.

நான் போய் நின்றபோது வார்டு உறுப்பினர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். "பேரை மாத்துவாவன்னு சொன்னிய, மாத்தித்தான் இருக்காவ. நீங்க பொய் சொல்லல டீச்சர்" என்றாள். பிறகு, "இனி மறைச்சு என்ன செய்ய? மனுக் குடுப்போம்" என்றாள்.

பாதை பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருந்தது என்று காட்ட வேண்டும். கிராம நிர்வாக அலுவலரின் பதிவேட்டில் அப்படி ஒரு பாதையே கிடையாது. அது புழக்கத்தில் இருந்தது என்று அச்சில் சொல்வது உலகத்திலேயே அந்தக் கட்டுரை ஒன்றுதான். அதை நகலெடுத்து, உரிய பகுதியை மொழிபெயர்த்து, சங்கரன்கோவில் தாலுகா அலுவலகத்துக்கு இருவரும் கொண்டுபோனோம். எழுத்தர் பொறுமையாகப் புரட்டிப் பார்த்தார்.

"இதுல உங்க ஊர் பேரே இல்லையேம்மா."

"அது எங்க ஊருதான் சார். பேரை மாத்தி எழுதியிருக்காவ."

"அப்ப இது உங்க ஊருன்னு யாரு சொல்லுதா?"

"ஊரே சொல்லுது சார். சொன்னதுனாலதான அடைச்சுப் போட்டுருக்காவ!"

எழுத்தர் சிரித்தார். எவரிடமிருந்து அவளைக் காக்க வேண்டுமோ அவரிடம் அந்தப் புனைபெயர் ஒரு நாள்கூட நிற்கவில்லை. எங்கே அவளுக்கு உதவ வேண்டுமோ, அங்கே கல்லுச் சுவர் போல நின்றது.

ஆய்வாளப் பெண்ணுக்கு எழுதினேன். கட்டுரையிலுள்ள ஊர் இதுதான் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினால் போதும் என்று கேட்டேன். மிகவும் வருந்துவதாகப் பதில் வந்தது. பங்கேற்பாளர்களின் அடையாளத்தை வெளியிடுவது ஆய்வு நெறிமுறைக்கு முரணானது, தன்னால் இயலாது என்று எழுதியிருந்தாள். அதை வார்டு உறுப்பினருக்குப் படித்துச் சொன்னேன்.

"யாருக்காவ மறைக்காவளாம்?"

"உங்களுக்காகத்தான்."

"எனக்காவன்னா நான்தான வேண்டாங்கேன்? அதை எழுதுங்க டீச்சர்."

எழுதினேன். அவள் சொன்ன சொல் மாறாமல் எழுதினேன். பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழுவிடம் கேட்டுச் சொல்வதாக ஒரு பதில் வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. நெறிமுறை என்ற சொல்லைப் பல ஆண்டுகள் வகுப்பறையில் மரியாதையோடு உச்சரித்திருக்கிறேன். ஓடைத் தண்ணீரில் ஒரு கிழவியின் கால்கள் இழுபடுவதைக் கட்டுரையின் முதல் பத்தியில் வைக்கத் தடையில்லாத நெறிமுறை, அடுத்த கிழவி நனையாமல் போக ஒரு வரி எழுதத் தடையாக இருக்கிறது. யாரைக் காக்க எழுதப்பட்டது அது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. பல்கலைக்கழகத்தைக் காக்க என்றால் அதை அப்படியே சொல்லிவிடலாம்.

ஆகவே, நான் சாட்சியானேன். விசாரணை நாளில் தாசில்தார் முன் அந்தப் பெரியவரும் வந்திருந்தார், அண்ணன் மகன்கள் இருவர் பக்கத்தில். பாதை விட்டீர்களா என்று தாசில்தார் கேட்டார்.

"நான் எங்க விட்டேன்? களருன்னு தரிசாப் போட்டிருந்தேன். அவங்க பாட்டுக்கு நடந்தா நான் என்ன செய்ய?"

என்னைக் கேட்டார்கள். ஆய்வுக்காக அந்த ஓரத்தில் நானே நடந்திருக்கிறேன் என்றேன். அங்கே களர் இல்லை என்றேன். பாடை போகட்டும் என்று தெரிந்தேதான் இவர் விட்டார், வார்டு உறுப்பினர் இவரிடம் நேரில் முறையிட்ட பிறகுதான் விட்டார் என்றேன். அவர் பெயரைத் தந்தை பெயரோடு சொன்னேன். அண்ணன் மகன்கள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தார். வாழ்நாளில் ஒருமுறை அவர் செய்த நல்ல காரியத்தை, அவருடைய ஆட்கள் முன்னால் குற்றம் போல நிரூபித்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் வெளியே வந்தபோது பெரியவர் வாசலில் நின்றார்.

"அந்தப் பிள்ளையாவது பேரை மாத்துச்சு. நீங்க அதையும் செய்யலியே டீச்சர்" என்றார்.

வார்டு உறுப்பினர்தான் பதில் சொன்னாள்: "பேரைச் சொல்லாம இருந்தாப் பாதையக் குடுத்திருவியளா மொதலாளி? குடுங்க, இப்பமே உள்ள போயி மனுவ வாபஸ் வாங்குதேன்." அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

இறுதி முடிவு வரும்வரை சவ ஊர்வலத்துக்கு மட்டும் அந்த ஓரத்தைப் பயன்படுத்தலாம், கிராம நிர்வாக அலுவலருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், காவலர் இருவர் உடன் வருவர் என்று உத்தரவு வந்தது. படித்துச் சொன்னபோது அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "சாவப் போறவன் மொதல்ல வி.ஏ.ஓ.வுக்கு எழுதிப் போட்டுட்டுச் சாவணுமா?"

இங்கே நான் யார் பெயரையும் எழுதவில்லை. மறைப்பதற்காக அல்ல; மறைக்க எதுவும் மிச்சமில்லை. எல்லாப் பெயர்களும் இப்போது அரசாங்கக் கோப்பில் இருக்கின்றன. இதை எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டேன். எழுதுங்கள் என்றாள். பெரியவரைக் கேட்கப் போனேன், கதவு திறக்கவில்லை.

கீழத்தெருவில் முதல் சாவு மழை பிடித்த பிறகு விழுந்தது. மறுநாள் பகலில் அவளே தொலைபேசியில் அழைத்தாள்.

"நனையாமக் கொண்டுபோயிட்டோம் டீச்சர். போலீசு ரெண்டு பேரு குடையோட முன்னால போனாவ."

"அவர் வந்தாரா?"

"கெணத்தடியில நின்னாவ. முன்னாடியும் எங்க ஆளு போறப்பம் அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கிடுவாவ, பாக்காத மாதிரி. இன்னைக்கு இந்தப் பக்கம் பாத்து நின்னாவ. கடைசி ஆளு தாண்டுத வரைக்கும் கண்ணை எடுக்கல."